இரண்டு கொடிகளும் ஒரே படத்தில்

எங்கள் பங்குக் கோயிலில் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி இரண்டு கொடிகள் பறக்கும். விண்ணேற்பு அன்னையின் பெயரில் உள்ள கோயில் என்பதால் அன்றுதான் திருவிழா. ஒன்பது நாள் முன்பே வாசலில் உள்ள உயரமான கொடிமரத்தில் மாதாவின் படம் போட்ட நீலக் கொடியை ஏற்றிவிடுவார்கள். நவநாளும் தேர்பவனியும் முடிந்து, பதினைந்தாம் தேதி மாலைதான் அதை இறக்குவார்கள். அன்று காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் அதே முற்றத்தில் தேசியக் கொடியும் ஏறும். அதற்கென்று தனிக் கம்பம் கிடையாது. சிமெண்ட் நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் நட்ட ஓர் இரும்புக் குழாய்தான். அதைக் கொடிமரத்துக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, ஃபாதர் கயிற்றை இழுக்க, பூ உதிர, நாங்கள் தேசிய கீதம் பாடுவோம். பிறகு மிட்டாய். நான் பாவாடை கட்டிய வயதிலிருந்து இப்படித்தான். ஒன்று உயரம், மற்றது குள்ளம் என்பது எங்களில் ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை.

திருமணத்துக்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகளின் பள்ளி பக்கம் என்பதால் அங்கே வந்தோம். பூசைக்கு மட்டும் காவிரிப் பாலம் தாண்டிப் பழைய பங்குக்கே போகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் மறைக்கல்வி எடுக்கிறேன். குடியிருப்பில் கிறிஸ்தவர்கள் நாங்கள் ஒரு குடும்பம்தான். யாரும் எங்களை ஒரு சொல் சொன்னதில்லை. நானும் சொல்ல இடம் வைத்ததில்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக்கூட முன்பக்கம் கட்டாமல் துணி காயப்போடும் பின்பக்கப் பால்கனியில்தான் கட்டுவேன். இது அடக்கமா, பயமா என்று ஒவ்வொரு டிசம்பரிலும் என்னை நானே கேட்டுக்கொள்வேன். ஜனவரியில் நட்சத்திரத்தைப் பெட்டியில் வைக்கும்போது கேள்வியையும் அதோடு வைத்துவிடுவேன்.

அந்த ஆண்டு நவநாள் பிரசங்கம் ஒன்றில் ஃபாதர், விசுவாசத்தை வாழ்ந்து காட்டும் சாட்சிய வாழ்வு என்பது பீடத்துக்கு முன்னால் அல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்னால்தான் என்றார். எனக்குச் சுருக்கென்றது. பின்பக்கப் பால்கனியைத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. அதனால்தான் பதினைந்தாம் தேதி காலை, வெள்ளை கவுனில் மூவர்ண பேட்ஜ் குத்தி நின்ற என் எட்டு வயது மகளைக் கொடிகளுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அந்தக் குழுவில் எங்கள் விழா ஒன்றின் படத்தைப் போட்டது அதுவே முதல் தடவை. கீழே என்ன எழுதுவது என்று ஆட்டோவில் பாலம் தாண்டும் வரை யோசித்தேன். சுதந்திர தின வாழ்த்தை முதலில் எழுதி, மாதா விழா வாழ்த்தை இரண்டாவதாக எழுதினேன். நாட்டுக்கு முதல் வரியைக் கொடுத்ததில் மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். என் கவலையெல்லாம் வரிகளின் வரிசையில்தான் இருந்தது. படத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

முதலில் நாலைந்து பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். மதியம் பிரியாணிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது போன் விடாமல் சத்தம் போட்டது. யாரோ என் படத்தில் இரண்டு கொடிகளையும் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். "எது மேலே? எது கீழே?" என்று கேள்வி. அடுத்தவர் தேசியக் கொடிக்கு மேலே வேறு கொடி பறக்கக் கூடாது என்ற விதியைப் போட்டார். இன்னொருவர், "இவர்களுக்கு எது மேலே என்பது படத்திலேயே தெரிகிறது" என்று எழுதினார். அடுப்பை அணைத்துவிட்டுப் படத்தை அழித்தேன். "ஏன் அழித்தீர்கள்?" என்று அடுத்த செய்தி வந்தது.

மாலையில் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வந்து மணி அடித்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு டெங்கு வந்தபோது தன் காரில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர் அவர்தான். அவரை எதிராளியாக நினைக்க எனக்கு மனம் வராது.

"உள்ள வாங்க சார்."

"இருக்கட்டும்மா, செருப்பக் கழட்டணும். இங்கயே சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. காலைல நம்ம ஃப்ளாட்ல கொடி ஏத்துனப்போ நீங்க வரல."

"பூசை சார். எங்களுக்கு இன்னிக்குக் கட்டாயத் திருநாள். போகாம இருக்க முடியாது."

"சரி. அங்க போய் ஏத்துன கொடியும் கீழ இருக்கு. பாக்குறவங்க என்னம்மா நினைப்பாங்க?"

"யாரும் வேணும்னு பண்ணல சார். மாதா கொடி ஏற்கெனவே ஏறி இருந்துச்சு. தெரியாம நடந்தது."

"எனக்குத் தெரியும்மா. மத்தவங்களுக்குத் தெரியணுமே. ஒரே ஒரு வரி போட்டுருங்க. எங்களுக்கு எல்லாத்துக்கும் மேல நாடுதான்னு. அப்புறம் நான் பாத்துக்கறேன். ஒருத்தன் வாயத் திறக்க மாட்டான்."

தலையை ஆட்டினேன். ஆட்டினேனா, ஆட்டியதாக அவர் நினைத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. லிஃப்டுக்குள் போகும் முன்பே அந்த வரியை அவரே தட்டி எனக்கு அனுப்பிவிட்டார். "அப்படியே ஃபார்வர்ட் பண்ணுங்க, போதும்" என்று இன்னொரு செய்தி. ஒரு விரலால் ஒரு தடவை தொட்டால் முடிந்துவிடும் வேலை.

என்னால் தொட முடியவில்லை.

இந்த நாட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓட்டு வயது வந்த நாளிலிருந்து ஓட்டுப் போடாமல் இருந்ததில்லை. கீதத்தை ஒரு சொல் விடாமல் பாடுவேன். கொடி தாழ்ந்து பறந்ததற்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் வருத்தம் சொல்லத் தயார். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே என்பது ஒரே ஓர் இடம். அந்த இடம் யாருடையது என்று ஞாயிறு தோறும் பிள்ளைகளிடம் கேட்கிறேன். "கடவுளுக்கு டீச்சர்!" என்று கூரை அதிரக் கத்துகிறார்கள். கத்தச் சொல்லிக் கொடுத்தவள் நான். முதல் கட்டளையை அவர்களுக்குக் கற்பித்துவிட்டு, குடியிருப்புக் குழுவுக்கு வேறொன்றை எழுதித் தருவதா?

விடுமுறையிலும் டூட்டிக்குப் போயிருந்த என் கணவர் வந்ததும் சொன்னேன். அவர் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அனுப்பிட்டியா?"

"இல்லங்க."

"ஏன்?"

"அது பொய்ங்க."

"ஒரு வரி. வாட்ஸ்அப்ல ஒரு வரி. அதுக்குப் போய் உயிரக் குடுத்து வேதசாட்சி ஆகப் போறியா?"

"கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்ல. போன மாசம் என் பிறந்தநாளுக்கு ஸ்டேட்டஸ் வச்சியே, என்னன்னு? 'நீங்கதான் என் உலகம்'னு. அப்போ கடவுள் எங்க போனாரு? அதுக்கு ஃபாதர்கிட்ட போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணுனியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஆனால் அவர் கேட்டது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. குடும்பம்தான் எல்லாம், நீங்கதான் உலகம் என்று எத்தனை எழுதியிருக்கிறேன்! அப்போதெல்லாம் கட்டளை நினைவுக்கு வரவில்லை. இப்போது மட்டும் ஏன்? கேட்டு வாங்குகிறார்கள் என்பதாலா? பரீட்சை மாதிரி முன்னால் நீட்டுகிறார்கள் என்பதாலா? அப்படியானால் இது பக்தியா, வெறும் வீம்பா? வீம்புக்கு ஆண்டவர் பெயரைப் போர்த்துகிறேனோ என்று அன்று இரவு முழுக்க அரித்தது.

கணவர் அதற்கு மேல் கடுமையாகவே பேசினார். "நாளைக்கு நம்ம பொண்ணு கீழ போய் விளையாடணும். யாரும் சேத்துக்கலன்னா நீ போய் விளையாடுவியா அவகூட?"

 அன்று மாலையே மகள் விளையாடப் போய்ச் சீக்கிரமே திரும்பி வந்திருந்தாள். மூன்றாம் மாடிப் பையன் ஒருவன், "உங்க சர்ச்ல நம்ம கொடிய கீழ வச்சிட்டாங்களாம்ல" என்று கேட்டானாம். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேம்மா" என்றாள். கடவுளுக்கு முதலிடம் என்று கத்தும் வகுப்பில் அவளும் இருக்கிறாள்.

மறுநாள் காலை ஃபாதருக்குப் போன் செய்தேன். அவராவது என் பக்கம் நிற்பார் என்று நம்பினேன்.

"ஸ்தோத்திரம் ஃபாதர்."

"டீச்சர், நானே கூப்பிடணும்னு இருந்தேன். அந்தப் படம் இங்கயும் வந்துச்சு. குரூப்ல இருந்து அழிச்சுட்டீங்கள்ல?"

"அழிச்சுட்டேன் ஃபாதர். இப்போ ஒரு வரி எழுதச் சொல்றாங்க. எல்லாத்துக்கும் மேல நாடுதான்னு."

"எழுதிட்டுப் போங்களேன். கடவுள் மனசப் பாக்குறவர்."

"அன்னிக்குப் பிரசங்கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாடி சாட்சியா இருக்கணும்னு சொன்னீங்களே ஃபாதர்."

 "அது வேற டீச்சர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினார். தேர்பவனிக்கு ஒவ்வொரு ஆண்டும் அனுமதி வாங்குவது எவ்வளவு சிரமம், பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது, அந்தப் படம் வேறெங்காவது போனால் யார் யார் வந்து நிற்பார்கள் என்றெல்லாம். அடுத்த ஆண்டு முதல் பதினான்காம் தேதி இரவே மாதா கொடியை இறக்கிவிடலாம் என்று பங்குப் பேரவையில் பேசியாகிவிட்டதாம். அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயம். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நான் என் ஒருத்திக்காக மட்டும் பதில் சொன்னால் போதும். ஆனாலும் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. தேசியக் கொடிக்கு உயரமாக ஒரு கம்பம் நட்டால் முடிகிற காரியத்துக்கு, திருவிழா அன்றே மாதா கொடி இல்லாமல் போகப்போகிறது. இவ்வளவு அவசரமாக இறக்க ஒப்புக்கொண்டார்களே! கொடியை உயர்த்தச் சொல்லித்தானே எல்லோரும் கேட்டார்கள்?

பள்ளி வேனுக்காகக் கீழே நின்றபோது எதிர் வீட்டுத் தோழி வந்தாள். என் வயதுதான். அவளுடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. அவள் வீட்டில் மாமனார் கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர்.

"என்ன, குரூப்ல ஒரே ரகளை! நான் பாத்துண்டேதான் இருந்தேன்" என்றாள்.

"நீங்களா இருந்தா அந்த வரிய எழுதுவீங்களா?"

"நானா?" என்று யோசிக்காமலே சொன்னாள். "எங்காத்துல பெருமாளுக்கு அப்புறம்தான் எல்லாம். காலம்பற அவருக்குக் கண்டருளப் பண்ணாம குழந்தைக்கு டிபன் பாக்ஸ்கூடக் கட்ட விட மாட்டா எங்க மாமியார். வேன் ஹாரன் அடிச்சிண்டே இருக்கும், நான் பெருமாள் சாப்பிட்டு முடிக்கட்டும்னு நின்னுண்டிருப்பேன்."

"அப்போ நாடு?"

"அதுவும் அப்புறம்தான். இதென்ன கேள்வி?"

"இத குரூப்ல சொல்லுவீங்களா?"

அவள் சிரித்தாள். "என்னை யார் கேட்டா?"

வேன் வந்தது. பிள்ளைகளை ஏற்றிவிட்டுப் படியேறும்போது அதே வாக்கியம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளிடம் கேட்க மாட்டார்கள். அவள் சொன்னால் பக்தி என்பார்கள், மாமியார் மெச்சுவார். நான் சொன்னால் விளக்கம் வேண்டும். அவள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவள் ஒளிவுமறைவில்லாமல் பேசினாள். கோபம் யார் மேல் என்று தெரியாமலே வீட்டுக்குள் வந்து, காயாத துணிகளை எல்லாம் மடித்து வைத்தேன். பிறகு திரும்பப் பிரித்துக் காயப்போட்டேன்.

அதன்பின் உட்கார்ந்து எழுதினேன். கொடி தாழ்வாக இருந்தது எங்கள் கவனக்குறைவு, அதற்கு மனதார வருந்துகிறேன் என்று முதலில். இந்த நாட்டை நேசிக்கிறேன், என் மகளையும் அப்படியே வளர்க்கிறேன் என்று அடுத்து. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே என்ற இடம் எங்களுக்குக் கடவுளுடையது, அதை வேறு எதற்கும் எழுதித் தர என்னால் முடியவில்லை என்று கடைசியாக. "முடியாது" என்று எழுதி, திமிராகத் தெரிகிறதே என்று "முடியவில்லை" என்று மாற்றினேன். அதுவும் கெஞ்சுவது போலத் தெரிந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.  ஜெபம் சொல்லிவிட்டு அனுப்பியிருக்கலாம் என்று அனுப்பிய பிறகுதான் நினைத்தேன்.

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். ஒருவராவது மதிப்பார் என்றும் ஒரு மூலையில் ஆசை இருந்தது. இரண்டும் நடக்கவில்லை. எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று போன் காட்டியது. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு வாட்ச்மேன் சொல்லச் சொன்னதாக யாரோ ஒரு செய்தி போட்டார்கள்: "மோட்டார் ரிப்பேர். மாலை வரை தண்ணீர் வராது. பிடித்து வைத்துக்கொள்ளவும்." அதற்கு உடனே பதினைந்து கட்டைவிரல்கள் வந்தன. எதிர் வீட்டுத் தோழி தனியாக எனக்கு மட்டும் ஓர் இதயம் அனுப்பினாள். குழுவில் ஒன்றும் போடவில்லை. நானும் வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்தேன்.

கணவர் மாலையில் வந்து எதுவும் கேட்கவில்லை. குழுவில் அவரும் இருக்கிறார், படித்திருப்பார். சாப்பிட்டுவிட்டு, "கூட்டுல உப்பு கம்மி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் செயலாளர் மறுபடி வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்தார். காபி வேண்டாம் என்றார். மகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"படிச்சேம்மா. நீங்க அவ்வளவு தூரம் எழுதியிருக்க வேண்டாம்."

"வருத்தம் சொல்லித்தான சார் எழுதியிருக்கேன்."

"அதோட நிறுத்தியிருக்கலாம்ல? நான் குடுத்த வரிய அப்படியே போட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"பொய்யா எழுதச் சொல்றீங்களா சார்?"

"பொய் என்னம்மா பொய்! எல்லாரும் எழுதறதுதான். எழுதறவன் எல்லாம் அப்படியா நடந்துக்கறான்? நம்ம பில்டிங்லயே பாருங்க. அது ஒரு மரியாதைக்கு."

அங்கேதான் எனக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று நாளாக நான் சாப்பாடு இறங்காமல் தவித்த ஒன்று, கேட்டவருக்கே மரியாதைக்கு எழுதும் வரி. என் கணவருக்கு அது ஸ்டேட்டஸ். ஃபாதருக்கு அது தலைவலி போக்கும் மாத்திரை. அந்த வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் சொல்லாகவே எடுத்துக்கொண்டது நான் ஒருத்திதான் போலிருந்தது.

"மரியாதைக்கு எழுதறதுக்கு அது என்ன கல்யாணப் பத்திரிகையா சார்? நாட்ட அவ்வளவு லேசா நீங்க வச்சிருக்கீங்க. நான் வைக்கல. அதனாலதான் என்னால எழுத முடியல!"

அவர் முகம் மாறியது. எழுந்தார். "சரிம்மா. உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார். அவருக்கு முழங்கால் வலி உண்டு.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சரியாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது. மகள் கிரேயானைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அந்த அங்கிள்கிட்ட கத்துன?"

"கத்தலடி. பேசுனேன்."

"கத்துன. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ அவங்கதான கார்ல கூட்டிட்டுப் போனாங்க?"

நான் கத்தியிருந்தேன். இப்போது யோசித்தால் கடைசி வாக்கியத்தில் விரலைக்கூட நீட்டியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்னால் சாட்சி என்பது இதுதானா? வரியில் ஆண்டவருக்கு இடம் வைத்துவிட்டு, வயதில் பெரியவரை முழங்கால் வலியோடு படியிறங்க வைத்தேன். எழுதியதற்கு நான் வருந்தவில்லை, இன்றும் அப்படித்தான் எழுதுவேன். கத்தியது தப்பு. இரண்டும் வேறு வேறு என்பது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மகளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு முதல் மாடிக்கு இறங்கினேன்.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி. கையில் மாவு ஒட்டியிருந்தது.

"சார் இருக்காங்களா மாமி?"

"கடைக்குப் போயிருக்காரே. கீரை வாங்கிண்டு வரேன்னார். என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல... சார்கிட்ட ஒரு ஸாரி சொல்லணும்."

அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. "அப்பாடா! நான் அவர்கிட்ட அப்பவே சொன்னேன், நல்ல பொண்ணு, புரிஞ்சுப்பான்னு. நான் சொல்லிடறேன். குரூப்ல வேற ஒண்ணும் போட வேண்டாம், அவர் குடுத்த அந்த ஒரு வரி போதும்."

"இல்ல மாமி, அதுக்கு இல்ல. காலைல சத்தமாப் பேசிட்டேன், அதுக்கு."

"எல்லாம் ஒண்ணுதான், விடு. வந்ததே பெரிசு."

"ஒண்ணு இல்ல மாமி" என்றேன். குரல் மறுபடியும் உயரப் போவது எனக்கே கேட்டது. அடக்கிக்கொண்டேன். அந்த அம்மாளின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்காமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இவர் மூலம் போனால் என் மன்னிப்பு அந்த வரிக்கான மன்னிப்பாகத்தான் போய்ச் சேரும். சொல்லாமல் திரும்பினால் கத்தியவளாகவே நிற்பேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமி. நானே பாத்துச் சொல்றேன்."

"அவர் வர நேரமாகுமே."

"பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, முதல் மாடிப் படியில், கீழே கேட் தெரிகிற இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஏறுபவர்களும் இறங்குபவர்களும் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மேலே மகள் தனியாக இருக்கிறாள் என்ற பதற்றம் ஒரு பக்கம். என்ன வார்த்தையில் ஆரம்பித்தால் அவர் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ள மாட்டார் என்று மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. கீரைக்கட்டோடு அவர் கேட்டுக்குள் வருவது தெரிந்தது. எழுந்து நின்றேன்.